பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறீர்கள். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறீர்கள். தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிறீர்கள். மோதிரம் வாங்கினால் 'ஹால்மார்க் எங்கே?' என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். இதில் எதிலும் உங்களுக்கு வெட்கம் கிடையாது. கடைக்காரருக்கும் கோபம் கிடையாது.

ஆனால், லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஸ்விஸ் வாட்ச் வாங்கப் போனால் மட்டும் நமக்கு என்னவோ ஆகிவிடுகிறது. ஏ.ஸி. அறை, கறுப்பு வெல்வெட் தட்டு, கோட்டு போட்ட பையன், கேட்காமலே வரும் ஃபில்டர் காபி. 'பின்மூடியைக் கழற்றுங்க, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும்' என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. கேட்டால் அவர் தப்பாக நினைத்துக்கொள்வாராம்!

இந்த வாரம் என் கோபம் அந்த 'தப்பாக நினைத்துக்கொள்வார்' மீதுதான். முதல் குற்றவாளி நான்தான் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார். வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'மேனேஜர் சார்'. சர்வீஸ் முழுக்க ஒரே எச்.எம்.டி. வாட்ச்சைக் கட்டியவர். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் முடிந்த பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு பொருள் வாங்க ஆசைப்பட்டார். 1960-களின் ஒமேகா சீமாஸ்டர். சின்ன வயதில் அவருடைய முதல் மேலதிகாரி கையில் பார்த்ததாம்.

''தம்பி, நீங்க பத்திரிகைக்காரர். கூட வாங்க. ஏமாத்த மாட்டாங்க'' என்று என்னை அழைத்துப் போனார். விலை 95 ஆயிரம். வாட்ச் பளபளவென்று இருந்தது. மேனேஜர் சார் தயங்கித் தயங்கி, ''உள்ளே ஒரு தடவை பார்க்கலாமா?'' என்று கேட்டார். கடைக்காரர் முகம் சுருங்கியது. ''சார், இது முப்பது வருஷப் பழைய கடை'' என்றார். நான் மேனேஜர் சாரின் தொடையை மேஜைக்கடியில் லேசாகத் தட்டினேன். 'விடுங்க சார், நல்லா இருக்காது' என்று அர்த்தம்.

அவர் விட்டுவிட்டார். பணம் கைமாறியது.

எட்டு மாதம் கழித்து, கண்ணாடியில் விழுந்த கீறலைச் சரிசெய்ய அண்ணா சாலைப் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் அதைக் கொடுத்தோம். அவர் மூடியைத் திறந்தார். கண்ணில் உருப்பெருக்கியை மாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ''மெஷின் நல்ல மெஷின்தான் சார். ஆனா, ஒமேகா மெஷின் இல்லை'' என்றார்.

மூடி ஒமேகா. டயல் ஒமேகா. உள்ளே துடித்துக்கொண்டிருந்தது ஈ.டி.ஏ. 2824. ஒமேகா மெஷினைவிட இது விட்டத்தில் சிறியது என்பதால், இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட்டு இறுக்கியிருந்தார்கள். அசல் மெஷின் வேறு எங்கோ, வேறு யாருக்கோ, தனியாக விற்கப்பட்டிருக்கும்.

இதற்கு வாட்ச் உலகத்தில் 'ஃபிராங்கன்வாட்ச்' என்று பெயர். ஃபிராங்கன்ஸ்டைன் கதையில் பல பிணங்களின் உறுப்புகளை ஒட்டி ஒரு ஆளைச் செய்வார்களே, அந்த மாதிரி. முழுப் போலியைவிட இது ஆபத்தானது. ஏனென்றால், வெளியே இருப்பது எல்லாம் உண்மை!

இப்போது வயிற்றெரிச்சலான விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாட்ச் எட்டு மாதமாக எங்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

எப்படி? அந்த வகை சீமாஸ்டரில் இருக்க வேண்டியது ஒமேகாவின் 565 என்ற மெஷின். அது மணிக்கு 19,800 தடவை துடிக்கும். அதாவது விநாடிக்கு ஐந்தரை. ஈ.டி.ஏ. 2824-இன் இன்றைய வடிவமோ மணிக்கு 28,800. விநாடிக்கு எட்டு. உங்கள் செல்போனில் 'ஸ்லோ மோஷன்' என்று ஒன்று இருக்கிறதே, பேரப்பிள்ளை குதிப்பதைப் படம் எடுக்க மட்டுமா அது? விநாடி முள்ளைப் படம் எடுங்கள். இரண்டு விநாடியில் 11 அடி வைத்தால் ஒரு கதை. 16 அடி வைத்தால் வேறு கதை.

இன்னொன்று. 2824-இன் சாவியைக் கடைசி வரை வெளியே இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும். 565-இல் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, தேதி. 565-இல் சாவியைக் கடைசி வரை 'டக்'கென்று இழுத்தாலே தேதி ஒன்று நகரும். 2824-இல் சாவியைப் பாதி இழுத்துத் திருகினால்தான் நகரும். மூன்று சோதனைகள். ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். மொத்தம் இரண்டு நிமிஷம். கடைக்காரர் கொடுத்த காபி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

இதுதான் சூட்சுமம். 'ஒரிஜினலா?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. 'இதற்குள் இருக்க வேண்டிய மெஷின் எது? இருப்பது எது?' என்று கேளுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் எந்த மெஷின் என்பது ரகசியமே இல்லை. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அதன் எண், எத்தனை கல், மணிக்கு எத்தனை துடிப்பு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக்கு லிஸ்ட் போடுகிறோம். இதற்குப் போடக் கூடாதா?

வேறு உதாரணங்களும் சொல்கிறேன். ரோலக்ஸ் சப்மரைனர் என்று சொல்லி, பின்பக்கம் கண்ணாடி வழியாக மெஷின் தெரிகிற வாட்ச்சைக் காட்டினால், எழுந்து வந்துவிடுங்கள். அந்த மாடலுக்குக் கம்பெனி கண்ணாடி முதுகு போட்டதில்லை. ஜி.எம்.டி. மாஸ்டர் 2 என்றால், சாவியின் நடு நிலையில் மணி முள் மட்டும் தனியாக, ஒரு மணி ஒரு மணியாகத் தாவ வேண்டும். அதற்குப் பதிலாக 24 மணி முள் நகர்ந்தால், உள்ளே இருப்பது வேறு ஆள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த வெளிச் சோதனைகள் எல்லாம் ஒரு பக்கக் கத்தி. பொருந்தாவிட்டால் தப்பு என்று நிச்சயமாகச் சொல்லலாம். பொருந்தினால் சரி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஏனென்றால், சீனத்தில் 2824-ஐயும் ரோலக்ஸின் 3135-ஐயும் பார்த்துப் பார்த்து நகல் எடுத்திருக்கிறார்கள். துடிப்பும் அதேதான். காதுக்குத் தெரியாது. கடைசியில் மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

திறந்தால் எதைப் பார்ப்பது? இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரம் தெரியும். பேலன்ஸ் வீல். ஈ.டி.ஏ. மெஷினாக இருந்தால், அதன் அடியில் தட்டில் கம்பெனி முத்திரையும் எண்ணும் பொறித்திருக்கும். பழைய ஒமேகாவில் மெஷின் மீதே ஒமேகா பெயர், 565 மாதிரியான எண், அதோடு வரிசை எண் இருக்கும். நிறமும் செம்பு மாதிரி லேசான ரோஜா. மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். 1960-களின் ஒமேகாவில் அங்கே உள்ள எண் 166 என்று தொடங்கினால், தானாகச் சுற்றிக்கொள்ளும் மெஷின், தேதி உண்டு, தண்ணீர் புகாத கூடு என்று அர்த்தம். 135 என்றால் தினம் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். மூடி ஒரு ஜாதகம், மெஷின் ஒரு ஜாதகம். பொருத்தம் பார்ப்பதில் நாம் உலக நிபுணர்கள் ஆயிற்றே!

உங்களுக்குத் தெரியாவிட்டால், அந்த மாடிப்படிப் பெரியவர் மாதிரி ஒருவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துக் கூட்டிப்போங்கள். பழைய கார் வாங்கும்போது மெக்கானிக்கைக் கூட்டிப்போவதில்லையா? (பத்திரிகைக்காரனைக் கூட்டிப்போகாதீர்கள். பலன் என்ன என்று மேலே பார்த்தீர்கள்.)

இனி கடைக்காரர்களின் வாதங்கள். மூன்றும் எனக்கு மனப்பாடம்.

''மூடியைத் திறந்தால் தண்ணீர் புகாத தன்மை போய்விடும் சார்.'' இதில் பாதி உண்மை இருக்கிறது. திறந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றி, மூடிய பிறகு தண்ணீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். செய்யட்டுமே! லட்ச ரூபாய் வாட்ச்சில் அது என்ன பெரிய செலவு? இத்தனைக்கும் அறுபது வருஷப் பழைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு யார் மெரினாவில் நீந்தப் போகிறார்கள்?

''கம்பெனி வாரன்டி போய்விடும்.'' வாரன்டி பாக்கி இருக்கிற வாட்ச் என்றால் நியாயம். அப்படியானால், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே போய்த் திறப்போம். இரண்டு பேரும் சேர்ந்தே போவோம், வாங்க. இதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதே உங்களுக்குப் பாதி விடை.

''பெட்டி இருக்கு, கார்டு இருக்கு, சர்டிஃபிகேட் இருக்கு. அப்புறம் என்ன?'' இதுதான் மிகப் பெரிய மோசடி வாதம். பெட்டியும் கார்டும் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. அசலும் கிடைக்கிறது, போலியும் கிடைக்கிறது. காகிதத்தை நம்பி மோசம் போனவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்.

2021 நவம்பர். ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனத்தின் விற்பனை. 1957-ஆம் வருஷத்து ஒமேகா ஸ்பீடுமாஸ்டர் ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகா கம்பெனியேதான், தன் மியூசியத்துக்காக. 2023-இல் அதே கம்பெனி வெளியே வந்து சொன்னது, அது பல வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வாட்ச் என்று. இதில் தங்களுடைய முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்குச் சம்பந்தம் இருக்கிறது என்றும் சொன்னது.

யோசித்துப் பாருங்கள். வாட்ச்சைச் செய்த கம்பெனி. அதன் சொந்த ஆவணக் காப்பகம். உலகப் புகழ் பெற்ற ஏல நிறுவனம். அத்தனையையும் தாண்டி ஒரு ஒட்டுப்போட்ட வாட்ச் மேடை ஏறி, தன் தாய்வீட்டுக்கே விலை போயிருக்கிறது. அங்கேயே அப்படி என்றால், நம் ஊர்க் கடையில் 'முப்பது வருஷப் பழைய கடை சார்' என்பது எந்த மூலைக்கு?

இங்கே ஒரு விஷயத்தில் வாடிக்கையாளர்களான நம்மையும் நான் திட்ட வேண்டியிருக்கிறது. உள்ளே வெளி மெஷின் இருந்தாலே மட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். 'இன்-ஹவுஸ்' என்ற ஒரு மந்திரச் சொல்லைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். தன் வாட்ச்சுக்கான மெஷினைத் தானே செய்கிற கம்பெனிதான் உசத்தி என்று அர்த்தமாம்.

உண்மை என்ன? ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா, 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. அதற்குள் இருக்கும் மெஷினின் அடிப்படை ரோலக்ஸுடையது அல்ல, வால்ஷூ 72. 1988 முதல் 2000 வரை டேடோனாவுக்குள் இருந்தது ஜெனித் கம்பெனியின் எல் பிரிமேரோவை மாற்றிச் செய்த மெஷின். படேக் ஃபிலிப்பின் 5070 கூட லெமானியா மெஷினை அடிப்படையாகக் கொண்டதுதான். டியூடர் 2015-இல்தான் சொந்த மெஷின் போட ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஈ.டி.ஏ. யாருக்கும் குடி முழுகிப்போய்விடவில்லை. மெஷினை வெளியே வாங்குவது ஸ்விஸ் வாட்ச் தொழிலின் பழைய, மரியாதையான பழக்கம். ஓட்டலில் இட்லி மாவு வெளியிலிருந்து வந்தால் என்ன? இட்லி நன்றாக இருக்கிறதா, அதற்கேற்ற விலையா என்பதுதான் கேள்வி.

வெளி மெஷின் இருப்பதில் தப்பே கிடையாது. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. 2009-இல் டாக் ஹாயர் கம்பெனி '1887' என்ற மெஷினைத் தன் சொந்தத் தயாரிப்பாகப் பெருமையோடு அறிவித்தது. அதன் அடிப்படை வடிவமைப்பு ஜப்பானின் சீக்கோவிடமிருந்து உரிமை வாங்கியது என்று வாட்ச் பிரியர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் கம்பெனி ஒப்புக்கொண்டது. மெஷின் நல்ல மெஷின். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு சத்தமும் எழுந்திருக்காது. கேட்ட பிறகு சொன்னதால் மானம் போயிற்று.

பெரிய கம்பெனியாவது கேட்டதும் ஒப்புக்கொண்டது. கறுப்பு வெல்வெட் தட்டுக்காரர் கேட்டாலும் சொல்வதில்லை.

நான் பி.காம். படித்தவன். மெர்கன்டைல் லா வகுப்பில் பாதி நேரம் தூங்கியிருக்கிறேன். ஆனாலும் இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கிறது. 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், 15-வது பிரிவு: இன்னது என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும். 41-வது பிரிவு: வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, சரக்கை ஒப்படைக்கும் நேரத்தில், வாங்குகிறவர் கேட்டால், அதைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பை விற்பவர் கொடுத்தாக வேண்டும்.

'வாங்குகிறவர் கேட்டால்.' அந்த வார்த்தையைக் கவனியுங்கள். சட்டம் உங்களுக்கு உரிமையைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்கும் வேலையை உங்களிடமே விட்டிருக்கிறது. மேனேஜர் சார் திறந்தார். நான் மூட வைத்தேன்.

பிறகு கடைக்குத் திரும்பிப் போனோம். அவர் எங்கள் பில்லை எடுத்துக் காட்டினார். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பழைய வாட்ச் - 1.' ஒமேகா என்ற வார்த்தைகூட இல்லை! வாயால் சொன்னதும் சட்டத்தில் விவரம்தான். ஆனால் அதை யார் நிரூபிப்பது? ''அன்னைக்கு நல்லாப் பார்த்துத்தானே சார் வாங்கினீங்க?'' என்றார். இந்தத் தடவை காபி வரவில்லை.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் பில்லில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். கம்பெனி பெயர். மூடியின் உள்ளே உள்ள எண். மெஷினின் எண். மெஷினின் வரிசை எண் இருந்தால் அதுவும். எந்தப் பாகமாவது பின்னால் மாற்றியதாக இருந்தால், அதைத் தெளிவாக ஒரு வரி. திறந்த மெஷினை உங்கள் செல்போனிலேயே ஒரு படம். அவ்வளவுதான். நேர்மையான வியாபாரிக்கு இது ஐந்து நிமிஷ வேலை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு முன்னால் அவர்களே மூடியைத் திறந்து காட்டுவார்கள், ஏனென்றால் அதுதான் அவர்கள் வியாபாரத்துக்கு விளம்பரம். மறுக்கிறவரிடம் சண்டை போட வேண்டாம். 'சரிங்க, வரேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அவர் தப்பாக நினைத்துக்கொண்டால், நினைத்துக்கொள்ளட்டும். உங்கள் பி.எஃப். பணத்தைவிட அவருடைய அபிப்பிராயம் பெரிதா?

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று சொன்னார்கள் நம் பெரியவர்கள். காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பற்றி அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை.

மேனேஜர் சார் அந்த வாட்ச்சை இப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டில் அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. போன வாரம் லிஃப்ட்டில் பார்த்தபோது, ''எப்படி சார் ஓடுது?'' என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

''நிமிஷம் தவறாம ஓடுது தம்பி'' என்றார். ''அதுதான் வயித்தெரிச்சல். மணி பார்க்கிறப்ப எல்லாம் ஞாபகம் வருது.''

என் தொடையைத் தட்டும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.